பழைய பைக்கின் டயர் சீராகத் தேயாதது எதனால்?

பழைய பைக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. அப்புறம் ஸ்டார்ட் செய்து என்ஜின் சத்தம் கேட்பார், பெயின்ட்டைப் பார்ப்பார், சைலன்சரில் புகை வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். டயருக்கு வரும்போது கேள்வி ஒன்றுதான்: பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டுகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர், இன்னும் எவ்வளவு இருக்கிறது? இருந்தால் சரி. மொட்டையாகிவிட்டிருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். அத்தோடு டயர் விஷயம் முடிந்துவிடும்.

அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொள்ளக் கூடாது. மீட்டரை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம், கெட்டி ஆயில் ஊற்றி என்ஜின் சத்தத்தை அடக்கலாம். டயர் தேய்ந்த விதத்தைத் திருத்த வழியில்லை. டயரையே கழற்றி எறிந்தால்தான் உண்டு. எந்த இடத்தில், எந்த வடிவத்தில், முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்று பார்த்தால் வண்டி எப்படி ஓடியது, எதில் கோளாறு என்று ஓரளவு பிடிபடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கோணல்மாணலாகத் தேய்ந்த டயரைப் பார்த்ததும் "சேசிஸ் (வண்டியின் சட்டகம்) வளைந்த வண்டி" என்று ஓடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் அது வீண் பயம். நல்ல நிலையில் இருக்கும் பைக்கிலும் டயர் சீராகத் தேய்வதில்லை. ஓட்டியவர் பழக்கத்தாலும் போன சாலையாலும் வந்த தேய்மானம் எது, வண்டியின் கோளாறால் வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

வளைந்த ரப்பர்

காரின் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தரையைத் தொடும் பகுதி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். பைக் டயர் அரைவட்டம் போல வளைந்திருக்கும். திருப்பத்தில் வண்டி சாய்ந்தாலும் ரப்பர் தரையில் படிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வளைவு. நேராகப் போகையில் நடுப்பட்டை மட்டும் தரையில் இருக்கும். சாயச் சாயத் தொடும் இடம் ஓரத்துக்கு நகரும்.

நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் சுற்றளவு ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 120/70-17 அளவுள்ள (120 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கவாட்டு உயரம், 17 அங்குல ரிம்) முன் டயரை எடுத்துக்கொள்வோம். நடுவில் அதன் ஆரம் சுமார் 300 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.88 மீட்டர் போகும். வண்டி 40 டிகிரி சாய்ந்திருக்கும்போது தரையைத் தொடும் இடத்தின் ஆரம் சுமார் 286 மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு சுற்றுக்கு 1.80 மீட்டர். ஒரே சக்கரம், ஒரே சுற்று, எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். தரையில் பதிந்திருக்கும் சின்ன ரப்பர் பரப்புக்குள்ளேயே உள்விளிம்பு ஒரு தூரமும் வெளிவிளிம்பு வேறொரு தூரமும் போகப் பார்க்கும். இரண்டும் ஒரே சக்கரத்தில் இருப்பதால் அது நடக்காது. ரப்பர் இழுபட்டும் உரசியும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. காகித டம்ளரைப் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்குமே, சாய்ந்த டயரும் அதையேதான் செய்யப் பார்க்கிறது. வண்டி திரும்புவதற்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் ஓரப் பட்டன்கள் அதனாலேயே மேடும் பள்ளமுமாகத் தேய்கின்றன. வண்டியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இது நடக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நடுவில் தட்டையான பின் டயர்

பழைய வண்டிகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகி, இரண்டு ஓரங்களிலும் பட்டன் புதிது போல இருக்கும். பின்னால் நின்று பார்த்தால் அரைவட்டமாக இருக்க வேண்டிய டயர் பெட்டி போலத் தெரியும்.

இதைப் பார்த்ததும் "காற்று அதிகமாக அடித்து ஓட்டியிருக்கிறார்கள்" என்று சொல்வது வழக்கம். கார் டயருக்குச் சொல்லப்படும் விதி அது: காற்று அதிகமானால் நடுவில் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். வளைந்த பைக் டயருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதிகக் காற்று நடுத் தேய்மானத்தைக் கூட்டும் என்பது சரிதான். ஆனால் சரியான காற்றோடு, நேரான சாலையில், தினமும் ஓட்டினாலும் நடுப்பகுதிதான் போகும். வண்டியைத் தள்ளும் விசை முழுவதும் பின் டயர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அந்த எடையில் பெரும்பகுதியும் அதன் மேல்தான். பெரும்பாலான வண்டிகளில் பின் டயர் முன் டயரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகத் தேய்வதற்கும் அதுவே காரணம். நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மிருதுவான ரப்பரும் வைத்து டயர் செய்யத் தொடங்கியதும் இந்தத் தேய்மானத்தைச் சமாளிக்கத்தான்.

ஆக, நடுவில் தட்டையான பின் டயர் வண்டியின் கோளாறுக்கு அடையாளம் இல்லை. நேர்ச்சாலையில் நிறைய ஓடிய வண்டி, அவ்வளவுதான். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டி, வண்டியோடு வந்த பின் டயர் இப்படி மொட்டையாக இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கோளாறு இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. தட்டைப் பகுதி முடிந்து ஓரம் தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகிவிடும். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் அந்த விளிம்பு தடுக்கும். அதைத் தாண்டியதும் சட்டென்று விழுவது போலச் சாயும். முன் டயர் உருண்டையாகவும் பின் டயர் பெட்டியாகவும் இருந்தால் இரண்டும் ஒரே சீராகச் சாயாது. தார்ச்சாலையின் நீளவாட்டு வெடிப்புகளும் கோடுகளும் பின்பக்கத்தை இழுப்பதை உணரலாம். வாங்கியவர் "வண்டி அலைகிறது" என்று சஸ்பென்ஷனை மாற்றிப் பார்ப்பார். பிரச்சினை வெறும் டயரின் வடிவமாக இருக்கும்.

நடுவில் ஒரே ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, கோடுகோடாக உரசிய தடம் இருந்தால் அது பின் பிரேக்கை மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிய இடம். இப்படி இரண்டு மூன்று தடங்கள் இருந்து, முன் டயர் தேயாமலே ரப்பர் வெடிப்பு விட்டுக் கிடந்தால், முன் பிரேக்கைத் தொடவே பயந்த ஒருவர் ஓட்டிய வண்டி என்று தைரியமாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் காற்று இறங்கி ஒரே இடத்தில் நின்ற வண்டியிலும் தட்டை விழும். ஆனால் அங்கே உரசல் கோடு இருக்காது.

ஒரு பக்கம் மட்டும்

அதிகம் பயமுறுத்துவது இந்த வகை. முன் டயரில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தெளிவாகத் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்கிறவர் "ரோடு அப்படி" என்பார். வாங்குகிறவருக்கு "விழுந்த வண்டி" என்று தோன்றும். யார் சொல்வது சரி?

ரோட்டிலிருந்து தொடங்கலாம். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் நம் தடம் இடப்பக்கம் சரிந்திருக்கும். வண்டி செங்குத்தாக நிற்கிறது, தரை இடப்புறம் தாழ்ந்திருக்கிறது. ஆகவே டயரின் வலப்பக்கம்தான் தரையில் கொஞ்சம் கூடுதலாகப் படும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே தலைகீழ்.

ஆனால் எவ்வளவு கூடுதல்? சாதாரணமாகச் சாலையின் சரிவு 2 சதவீதம் இருக்கும். அதாவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். நாம் எடுத்துக்கொண்ட டயரின் குறுக்கு வளைவின் ஆரம் சுமார் 60 மில்லிமீட்டர். ஒரு டிகிரி சரிவுக்குத் தொடும் இடம் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். ஒரு பக்கம் பாதி பட்டன் போனதற்கு இந்த ஒரு மில்லிமீட்டரை மட்டும் காரணம் சொன்னால் நம்புவது கஷ்டம். "ரோடு சரிவு" என்ற பதில் பொய் இல்லை, போதாது.

திருப்பங்களைச் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. இடப்பக்கம் ஓட்டுகிறவருக்கு வலது திருப்பம் எப்போதும் வெளிவட்டம். ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் என்று கொண்டால், ஒரே வளைவில் எதிரெதிர்த் தடங்களில் போகிறவர்களின் பாதைக்கு இடையே ஆரத்தில் மூன்றரை மீட்டர் வித்தியாசம். 90 டிகிரித் திருப்பத்தில் இது ஐந்தரை மீட்டர் கூடுதல் தூரம், அதுவும் சாய்ந்த நிலையில். நாற்சந்திகளில் இடது திருப்பம் குறுகலானது, மெதுவாக, அதிகம் சாயாமல் முடிந்துவிடும். வலது திருப்பம் அகலமானது. வேகமாக, ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே, சாய்ந்து போவோம். ரவுண்டானாவில் சுற்றுவதும் வலப்பக்கமாகத்தான். வருடக்கணக்கில் இதெல்லாம் சேரும்போது வலது ஓரம் கூடுதலாகத் தேய்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே முதல் சோதனை சுலபமானது: இடப்பக்கம் ஓட்டும் இடத்தில் வலது ஓரம் மிதமாகக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் அது இயல்பு. இடது ஓரம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் சாலையும் திருப்பமும் பெரும்பாலும் காரணமாக இருக்காது. அங்கேதான் வண்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகிக்கும்போதும் முதலில் எளிய காரணங்களைப் பார்ப்பது நல்லது. பாரம் ஒருபக்கமாக இருந்ததா? ஆளோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள வண்டியில், நடுக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பத்துக் கிலோ பெட்டி தொங்கினால் மொத்த எடையின் மையம் 12 மில்லிமீட்டர் நகரும். அதை ஈடுகட்ட வண்டி ஒரு டிகிரிக்குச் சற்று மேல் மறுபக்கம் சாய்ந்தபடியே ஓடும். சாலைச் சரிவுக்குச் சொன்ன அதே அளவு. ஒரே பக்கம் பெட்டி மாட்டிய அடையாளம், கேரியரின் ஒருபக்கத் தேய்ப்பு ஆகியவற்றைத் தேடலாம்.

அடுத்ததாக எல்லோரும் சொல்வது பின் வீல் அலைன்மெண்ட். செயின் டைட் பண்ணும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் சமமாக இல்லாமல் சக்கரம் கோணலாக நின்றுவிடுவது. இதனால் டயர் ஒருபக்கமாகத் தேயும் என்பது பரவலான நம்பிக்கை. நான் இதைப் பாதிதான் ஏற்பேன். காரில் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள் இருப்பதால், கோணல் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு கடகடவென்று தேயும். பைக்கின் பின் சக்கரத்துக்கு அப்படிப் போட்டி இல்லை. அது தான் பார்க்கும் திசையிலேயே உருண்டு போகும். வண்டியின் உடல்தான் நண்டு போலக் கொஞ்சம் கோணலாகப் பின்தொடரும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரை இம்மி திருப்பிப் பிடித்து அதை ஈடுகட்டிக்கொள்வார். எனவே கோணல் பின் சக்கரத்தின் அடையாளத்தை டயரில் தேடுவதைவிட வேறு இடங்களில் தேடுவது மேல்: நேராகப் போகும்போது ஹேண்டில்பார் ஒருபக்கம் திரும்பியே நிற்கிறதா, செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கவாட்டு மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் அட்ஜஸ்டர் கோடுகளை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றாலும் சக்கரம் கோணலாக இருக்கலாம். நூல் கட்டிப் பார்ப்பது இன்றும் நம்பகமான வழி. பின் டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் முன்னால் இழுத்து, பின் டயரின் முன்விளிம்பை மெல்லத் தொடும்படி பிடிக்க வேண்டும். முன் சக்கரத்தை நேராக வைத்தால் அதன் இரண்டு பக்கமும் நூலுக்கு உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும். இடைவெளி ஒருபக்கம் கூடியிருந்தால் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரிசெய்து பாருங்கள். சரிசெய்ய முடிந்தால் அது வெறும் அட்ஜஸ்ட்மெண்ட் பிரச்சினை. முன் சக்கரத்தின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடைவெளியைச் சமமாக்கவே முடியவில்லை, அல்லது சக்கரம் நூலுக்கு இணையாக இருந்தும் ஒரு பக்கம் தள்ளியே நிற்கிறது என்றால் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்கள்), ஸ்விங் ஆர்ம், சேசிஸ் மூன்றில் ஒன்று கோணல். சில வண்டிகளில் வடிவமைப்பிலேயே சில மில்லிமீட்டர் தள்ளல் உண்டு என்பதால் சர்வீஸ் மேனுவலை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நியாயம்.

விழுந்த வண்டியில் அதிகம் காணப்படுவது, ஃபோர்க் குழாய்கள் வளையாமலே, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டு நிற்பது. முன் சக்கரம் நேராக இருக்கும், ஹேண்டில்பார் மட்டும் கோணலாக இருக்கும். கிளாம்பு போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழாயே வளைந்திருந்தால் கதை வேறு. அந்த வண்டியில் எண்ணெய் சீல் ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி போகும். அமுக்கினால் ஃபோர்க் வழுக்கி இறங்காமல் பிடித்துப் பிடித்து இறங்கும்.

முன் டயரில் பள்ளம் பள்ளமாக

முன் டயரின் ஓரப் பட்டன்களில் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வேகம் எடுக்கும்போது முன்னாலிருந்து ஒரு "ஊம்ம்" என்ற இரைச்சல் வரும். சிலர் அதை வீல் பேரிங் என்று நினைத்துக்கொள்வார்கள். திருப்பத்தில் சாய்ந்தால் ஹேண்டில்பாரில் ஒரு அதிர்வு தெரியும்.

கண்ணைவிட உள்ளங்கை இதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, முன் டயரின் ஓரத்தில் கையை வைத்து ஒரு திசையில் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் உயரமாகவும் மறு விளிம்பில் தாழ்வாகவும் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு பட்டனும் தரையில் பதியும்போது வளைகிறது, தரையை விட்டு எழும்போது நிமிர்ந்து உரசுகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இந்த வளைவு அதிகமாகும். முன் டயர் செய்யும் கனமான வேலை பிரேக் பிடிப்பதுதான். அதில் விசை எப்போதும் ஒரே திசையில் வருகிறது. பின் டயரில் வண்டியைத் தள்ளும் விசை அதற்கு எதிர்த்திசை. சில டயர்களின் பக்கவாட்டில் முன்னால் மாட்டினால் ஒரு திசை, பின்னால் மாட்டினால் எதிர்த்திசை என்று இரண்டு அம்புக்குறிகள் போட்டிருப்பதும் இதனால்தான். அம்புக்குறி தலைகீழாக மாட்டப்பட்ட முன் டயரில் இந்த ரம்பத் தேய்மானம் சீக்கிரம் வரக்கூடும். அதைப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும், பாருங்கள்.

லேசான ரம்பத் தேய்மானம் இயல்பு. காற்று குறைவாக ஓட்டியிருந்தால் அது பல மடங்காகும். டயர் தளர்ந்து, பட்டன் ஒவ்வொன்றும் கூடுதலாக நெளியும். காற்று எவ்வளவு என்பதை ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் அட்டையில் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்சம். ஓட்ட வேண்டிய அளவு அல்ல. ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்: 32 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் சுமார் 6 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். அதனால் குளிர்ந்த நிலையில் அளப்பதுதான் கணக்கு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழிகள் எப்படி வரிசையாக இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றாக, டயர் முழுக்கச் சீராக வந்தால் அது பட்டன் நெளிவதால் வருவது: காற்று, பிரேக் பழக்கம், தளர்ந்த ஃபோர்க் டேம்பிங் (துள்ளலை அடக்கும் திறன்) இவற்றைப் பார்க்க வேண்டும். அப்படி இல்லாமல் டயரின் சுற்றில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஒரு நீளமான பள்ளம் இருந்து, மீதி இடம் நன்றாக இருந்தால், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஏதோ செய்கிறது. பேலன்ஸ் இல்லாத வீல், வளைந்த ரிம், ரிம்மில் சரியாக உட்காராத டயர் இவைதான் அப்படிச் செய்யக்கூடியவை.

பேலன்ஸ் என்றால் சின்ன விஷயம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரிம்மின் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை ஐந்தரைக் கிலோ எடைக்கு மேல்; நொடிக்கு 15 முறை மேலும் கீழும் மாறி மாறி. சக்கரம், பிரேக், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு இயல்பாகத் துள்ளும் ஒரு வேகம் உண்டு. நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அளவில். நம் டயர் நொடிக்கு 13 முறை சுழல்வது மணிக்கு 88 கிலோமீட்டரில். பெருவழிச்சாலையில் சாதாரணமாகப் போகும் வேகம். ஃபோர்க் ஆயில் நன்றாக இருந்தால் அந்தத் துள்ளலை அடக்கிவிடும். ஆயில் செத்துப்போன வண்டியில் சக்கரம் துள்ளித் துள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தரையில் மோதித் தேய்கிறது. ஒரு கோளாறு மட்டும் இருந்தால் பல வருடம் தாங்கும் டயர், இரண்டு சேர்ந்தால் சீக்கிரம் போய்விடும்.

ஃபோர்க்கைச் சோதிக்க முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். ஊஞ்சலாடினால் டேம்பிங் இல்லை. அதே நிலையில் வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது "டக்" என்று ஒரு சத்தமோ ஆட்டமோ வந்தால் கோன் செட்டோ (ஹேண்டில் தண்டு திரும்பும் பேரிங்) ஃபோர்க் புஷ்ஷோ (குழாய்கள் வழுக்கும் இடத்தில் உள்ள வளையம்) தளர்ந்திருக்கிறது. ஹேண்டில் தண்டு சேசிஸில் நுழையும் இடத்தில் ஒரு விரலை வைத்தபடி தள்ளினால் ஆட்டம் அங்கேயா, கீழேயா என்று விரலே சொல்லும். பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட்டில் குழி விழுந்துவிட்டது. இறுக்கினால் போதாது, மாற்ற வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கின் ஆட்டம் தெரியும். பின்னால் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதன் புஷ்ஷின் ஆட்டம் தெரியும்.

ரிம் வளைவுக்கு ஒரு குச்சியை ஃபோர்க்கில் கட்டி, நுனி ரிம்மை உரசாமல் நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் போதும். பல சர்வீஸ் மேனுவல்கள் 2 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. டயர் ரிம்மில் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. ரிம் நேராக இருந்தாலும் டயர் கோணலாகத்தான் ஓடும்.

பளபளக்கும் புது டயர்

விற்பதற்கு முன் புது டயர் மாட்டிய வண்டியைப் பார்த்தால் சந்தோஷம் வரும். எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் வரும். இவ்வளவு நேரம் பேசிய எல்லாத் தடயமும் பழைய டயரோடு போய்விட்டது. பின் டயர் மட்டும் புதிது, முன் டயர் பழையது என்றால் வழக்கமான கதை. முன் டயர் மட்டும் புதிது, பின் டயர் பாதி தேய்ந்தது என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். ஆணி குத்திக் கிழிந்திருக்கலாம். குழி விழுந்து இரைச்சல் தாங்காமல் மாற்றியும் இருக்கலாம். பழைய டயர் இன்னும் வீட்டில் கிடந்தால் அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2000-ம் ஆண்டிலிருந்து இந்த முறைதான். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வண்டியின் வருடத்தோடும் மீட்டரோடும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பத்து வருட வண்டியில் ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் இரண்டு டயரும் நான்கு வருடத்துக்கு முந்தியவை, அவையும் நடுவில் தட்டை என்றால் அந்த ஆறாயிரம் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

பட்டன் மிச்சத்தை அளக்கும்போது அதிகம் தேய்ந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். வெட்டுகளுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பைக் டயர்களில் அவற்றின் உயரம் பொதுவாக 0.8 மில்லிமீட்டர். ஏதாவது ஓரிடத்தில் பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டாலே டயர் முடிந்தது. மறுபக்கம் பாதி பட்டன் இருப்பது கணக்கில் வராது.

வாங்கியாயிற்று என்றால் வரிசை முக்கியம். புது டயரை முதலில் மாட்டிவிட்டு "எப்படி ஓடுகிறது பார்ப்போம்" என்று விட்டால் அதே குழி அதே இடத்தில் புது டயரிலும் விழும். முதலில் கோன் செட், பேரிங், ஃபோர்க் ஆயில், நூல் கட்டிப் பார்க்கும் அலைன்மெண்ட். அப்புறம் டயர், பேலன்ஸோடு. பழைய டயரை விட்டுவைத்துக் கோளாறை மட்டும் சரிசெய்தாலும் பலன் தெரியாது. ஒருமுறை விழுந்த குழி தானாகவே அதிர்வை உண்டாக்கித் தன்னை ஆழப்படுத்திக்கொள்ளும், ஃபோர்க் புதிதாக இருந்தாலும்.

புது டயர் மாட்டியதும் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை அதிகம் சாய்க்காமல், பிரேக்கைப் பதமாகப் பிடித்து ஓட்டுங்கள். மேல்பரப்பின் வழுவழுப்பு போகும்வரை பிடிமானம் குறைவாக இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் போனதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் போட்டு இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். பழைய டயரில் இருந்த அதே ஓரத்தில், அதே மாதிரி ரம்பம் கையில் படத் தொடங்கியிருந்தால் கோளாறு இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் பழைய தேய்மானம் முந்தைய ஓனரின் காற்றுக் கணக்கோடும் பிரேக் பழக்கத்தோடும் போய்விட்டது.